சனிக்கிழமை மட்டும்

என்னுடைய அண்ணா கிழமையில் ஒரே ஒரு நாள்தான் குடிப்பார். அது சனிக்கிழமை. மற்ற நாட்களில் ஒரு சொட்டும் வாயில் வைக்கமாட்டார். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வருகிற பெரிய கப்பல்களை இழுத்து வந்து கரையில் சேர்க்கும் இழுவைப் படகொன்றில் அவர் எஞ்சின்காரர். வேலை நாளில் குடித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "குடிச்சிட்டு எஞ்சினுக்குக் கிட்ட வாறவன் ஒரு ஆளே?" என்பார். அதனால் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, அவருக்கு நல்ல பெயர். பெண்கள் தங்கள் புருசன்மாருக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் அவருடைய கூட்டாளி வருவார். அவரும் துறைமுகத்தில்தான் வேலை, கிறேன் ஓட்டுகிறவர். ஊர் சல்லி என்கிற கடற்கரைக் கிராமம். பின்வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அண்ணி மீன் பொரித்துக் கொடுப்பா. ஒரு போத்தல் சாராயம் முடியும். சில கிழமைகளில் இன்னொன்றும் உடைபடும். சத்தம், சண்டை ஒன்றும் இருக்காது. பழைய கப்பல்களைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பார்கள். பிறகு அண்ணா போய்ப் படுத்துவிடுவார்.

நான் அதே வளவுக்குள், பின்பக்கத்து வீட்டில் இருக்கிறேன். தபால் கந்தோரில் வேலை. அண்ணாவுக்குப் பிரசர் இருப்பது எனக்குத் தெரியும். கிளினிக்கில் கொடுத்த குளிசையை அவர் சனிக்கிழமை போடமாட்டார். சாராயமும் குளிசையும் சேரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வயிறு சரியில்லை என்று போடமாட்டார். ஆக, எந்த நாளில் குளிசை கட்டாயம் வேண்டுமோ அந்த நாளில்தான் அதை விட்டுவிடுவார்.

எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "குளிசையை விடாதேங்கோ, குடியை விடுங்கோ."

"நீ போய் முத்திரை குத்து பிள்ளை. என்ர பிரசரை நான் பாக்கிறன்."

சில ஞாயிற்றுக்கிழமைகளில் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருப்பார். "உள்ளுக்க மீன் துள்ளுற மாதிரிக் கிடக்கு" என்று ஒருநாள் சொன்னார். அண்ணி மல்லி அவித்துக் கொடுத்தா. திங்கட்கிழமை துள்ளல் நின்றுவிட்டது. அவரும் வேலைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை எழும்பி வேலைக்குப் போகிற ஒருவரை நோயாளி என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தச் சனிக்கிழமை, பெரியபிள்ளையான கூட்டாளியின் மகளுக்குச் சாமத்திய வீடு. எல்லோரும் சல்லிக்குப் போயிருந்தோம். பெண்கள் முன்பக்கத்தில் பலகாரத் தட்டுகளோடு நிற்க, ஆண்கள் பின்பக்கத்தில் மத்தியானமே தொடங்கிவிட்டார்கள். வழமையாகப் பின்னேரம் தொடங்குகிறவர்களுக்கு அன்று முழுப் பகலும் கிடைத்தது. பொழுதுபட முதலே அண்ணாவை இரண்டு பேர் பிடித்து ஓட்டோவில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

அடுத்த நாள் காலையில் ஒரு கிண்ணத்தில் சொதி கொண்டு போனேன். அண்ணி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா.

"இன்னும் எழும்பேல்லை. நேத்துக் கனக்கப் போட்டிட்டார்" என்றா.

எட்டிப் பார்த்தேன். அண்ணா கட்டில் விளிம்பில் இருந்தார். பக்கத்து மேசையில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. இடது கையை நீட்டி அதை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. என்னைக் கண்டதும் ஏதோ சொன்னார். வாய்க்குள் ஈரச்சீலையை அடைத்துவிட்டுக் கதைக்கிற மாதிரி இருந்தது. வாயின் ஒரு பக்கம் கீழே இழுபட்டிருந்தது.

"அண்ணா, ரெண்டு கையையும் தூக்குங்கோ பாப்பம்."

இடது கை எழும்பியது. வலது கை அசையவில்லை. இரண்டையும் தூக்கிவிட்டதாக நினைத்து அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் முற்றத்துக்கு ஓடினேன்.

"அண்ணி, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"வெறி முறியேல்லை, அவ்வளவுதான்."

"வெறியில வாய் ஒரு பக்கம் போகுமே?"

"ஞாயிற்றுக்கிழமை காலமை சாராய மணத்தோட கொண்டு போனால் சனம் என்ன கதைக்கும்? கொஞ்சம் பொறுங்கோ, அவரைக் கூப்பிடுறன்."

அவர் என்றது கூட்டாளியை. அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். அவருக்கே கண் சிவந்து கிடந்தது. வந்தவர் அண்ணாவின் முதுகைத் தட்டினார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, பயப்படாதேங்கோ. இது தேசிக்காய்த் தண்ணியோட போயிடும்."

"இது பாரிசவாதம் அண்ணை. பாருங்கோ, கை எழும்பேல்லை."

"நேத்து நாங்கள் ரெண்டு பேரும் ஒரே போத்தலிலதான் குடிச்சனாங்கள். எனக்கு ஒண்டுமில்லையே?"

ஒரே வள்ளத்தில் போன இரண்டு பேரில் ஒருவர் கடலில் விழுந்தால், மற்றவர் நனையவில்லை என்பதால் விழுந்தவர் விழவில்லை என்று ஆகுமா? அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் வாயில் வரவில்லை. "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அண்ணி தேசிக்காய் பிழிந்து கொண்டு வந்தா. ஒரு மிடறு பருக்கியதும் அண்ணாவுக்குப் புரைக்கேறியது. கண் பிதுங்கி, மூக்கால் தண்ணி வந்தது. அப்போதாவது நிறுத்தினார்களா? இல்லை. தலையில் தண்ணி ஊத்தினால் சரியாகும் என்று கூட்டாளி அவரைத் தோளில் தாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டு போனார். நான் குறுக்கே நின்றேன். என்னை விலத்திக்கொண்டு போனார்கள். கிணற்றடிக்குப் போக முதலே வலது கால் மடிந்து, அண்ணா மா மூட்டை மாதிரிச் சரிந்து விழுந்தார். இழுத்து நிமிர்த்தினால் கால் ஊன்றவில்லை.

அப்போதுதான் கூட்டாளியின் முகம் மாறியது.

முன்வீட்டில் ஒரு ஓட்டோக்காரர் இருக்கிறார், கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். நான் படலையடிக்கு ஓடிப்போய்க் கூப்பிட்ட உடனே சாரத்தோடு வந்து ஓட்டோவைத் திருப்பினார். அண்ணாவை நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் அண்ணியும் நானும் பிடித்துக்கொண்டோம். கூட்டாளி மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். கடற்கரை வீதியில், எங்கள் ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்கள் குறுக்கே படுத்துக் கிடந்தன. ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லை. ஓட்டோக்காரர் இறங்கிப் போய்க் கலைத்துவிட்டு வந்தார். எனக்கு அந்த மான்களிலும் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் தாமதமில்லை. உடனே உள்ளே எடுத்தார்கள். வயது குறைந்த பெண் டொக்டர் ஒருவர் அண்ணாவின் கையையும் கண்ணையும் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"இது எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"சரி, கடைசியா இவர் நல்லா இருந்ததை ஆர் கண்டது?"

"ராத்திரிப் படுக்கேக்க நல்லாத்தான் இருந்தவர்" என்றா அண்ணி. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னா. "விடியப்புறம் எழும்பி ஏதோ சொன்னவர். எனக்கு விளங்கேல்லை. வெறிக்கதை எண்டு விட்டிட்டன்."

டொக்டர் அதைக் குறித்துக்கொண்டார். தலையை ஸ்கான் எடுத்த பிறகுதான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். மூளைக்குப் போகிற குழாயொன்றில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. அதைக் கரைக்க மருந்து இருக்கிறது. ஆனால் தொடங்கிச் சில மணித்தியாலங்களுக்குள் ஏற்றவேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாமல், அதுவும் நேரம் கடந்த பிறகு ஏற்றினால் தலைக்குள் இரத்தம் கசியலாம். ஆகவே ஏற்ற ஏலாது.

மருந்து இருந்தது. ஆஸ்பத்திரி இருந்தது. ஓட்டோ முன்வீட்டிலேயே நின்றது. விடியப்புறம் அவர் வாய் குழறிச் சொன்னது வெறிக்கதை என்று போனது. காலையில் நாங்கள் தேசிக்காய் பிழிந்தோம். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கவேண்டும் போலிருக்கும்.

"குடிக்கிறவரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை" என்றா அண்ணி.

அண்ணாவின் சட்டையிலிருந்து சாராய மணம் அந்த அறை முழுக்க நின்றது. கூட்டாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம். சனிக்கிழமைகளில குடிக்கிறவர்" என்றேன் நான். அண்ணி என் கையைக் கிள்ளினா.

"எவ்வளவு?"

"கொஞ்சம்" என்றார் கூட்டாளி.

"கொஞ்சம் எண்டால்?"

"ரெண்டு பேருக்கு ஒரு போத்தல். நேத்துக் கொஞ்சம் கூட."

அடுத்த நாள் வாட்டுக்கு வெளியே அதே டொக்டரைப் பிடித்துக் கேட்டேன். "ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர் இல்லையே டொக்டர், பிறகேன் இப்பிடி?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கினம்" என்றார். "ஒவ்வொரு நாளும் குடிக்கிறது கூடாதுதான். ஆனா கிழமைக்குரியதை ஒரே நாளில குடிக்கிறதைச் சனம் குடி எண்டு பாக்கிறதில்லை. அப்பிடிக் குடிச்சால் பிரசர் ஒரேயடியா ஏறும். இதயம் தாளம் தப்பி அடிக்கும். தாளம் தப்பினால் உள்ளுக்க ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி தலைக்குப் போச்சுதெண்டால் இதுதான். இவற்ர இதயம் இப்பவும் தாளம் தப்பித்தான் அடிக்குது. முந்தி எப்பவாவது நெஞ்சு படபடக்குது எண்டு சொன்னவரோ?"

மீன் துள்ளின கதையைச் சொன்னேன். டொக்டர் தலையாட்டினார்.

இதையெல்லாம் அண்ணிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டா. பிறகு வாட்டுக்குப் பார்க்க வந்தவர்களுக்கு, சாமத்திய வீட்டில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொன்னா. இன்னும் சிலருக்கு வெயில் என்றா. துறைமுகத்தால் வந்தவர்களுக்கு எஞ்சின் அறைச் சூடு என்றா. ஆளுக்கொரு காரணம் கொடுத்தா. உண்மையான காரணம் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. வந்தவர்களும் அதைக் கேட்க விரும்பவில்லை. அவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமைக்காரர்கள்.

அண்ணா வீட்டுக்கு வந்தார். வலது கால் இழுபட்டது. கை தோளிலிருந்து தொங்கியது. கதை ஒரு சொல், இரண்டு சொல்லாக வந்தது. எஞ்சினின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்த மனிதர் கரண்டியைக் காட்டி, ஏதோ சாவி மாதிரி, "திறப்பு" என்றார், பிழை என்று தெரிந்து கண்ணீர் விட்டார். காலையில் வேலைக்குப் போக முதல் நான் அவரோடு இருந்து ஆஸ்பத்திரியில் காட்டித்தந்த வாய்ப் பயிற்சிகளைச் செய்விப்பேன். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு ஊட்டுவது அண்ணியின் வேலை.

நடத்துவதற்கு ஆள் வேண்டும். அண்ணா பாரமான ஆள், எங்கள் இரண்டு பேராலும் தாங்க ஏலாது. பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த வேலைக்குக் கூட்டாளி வந்தார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் வருவார். அண்ணாவின் இடுப்பில் ஒரு துவாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உள்துறைமுக வீதி வரை நடத்திக்கொண்டு போய், சீமெந்துக் கட்டின் மேல் இருத்தி, கப்பல்களைக் காட்டிக் கதைத்துவிட்டு, திரும்பக் கொண்டு வருவார். தலைமயிர் வெட்டிவிடுவார். கால்நகம் வெட்டிவிடுவார். கூடப்பிறந்தவன் செய்யமாட்டான் அப்படி.

அந்த மனிதர்தான் ஒருநாள் சின்ன பிரண்டிப் போத்தலோடு வந்தார்.

"இது குடிக்க இல்லை தங்கச்சி. கையில தேய்ச்சால் நரம்பு எழும்பும். ஒரு கரண்டி உள்ளுக்குப் போனால் ரத்தமும் ஓடும்."

"ரத்தம் ஓடுறதுக்கு டொக்டர் குளிசை தந்திருக்கிறார். அதோட இது சேரக்கூடாது எண்டு சொன்னவர். அண்டைக்கு நானும் நீங்களும் ஒண்டா நிண்டுதானே கேட்டனாங்கள்?"

"டொக்டர்மார் எல்லாத்தையும் வேண்டாமெண்டுதான் சொல்லுவினம்."

"அவரைக் கொல்லப்போறியளோ?"

அவர் துவாயைக் கதிரையில் போட்டார். "நான் கொல்லுறனோ? சரி. நாளையிலயிருந்து ஆர் இவரை நடத்திறது?"

போத்தலை வாங்கிக்கொண்டு போய்க் குசினித் தொட்டியில் ஊற்றினேன். அவர் துவாயை எடுத்து அண்ணாவின் இடுப்பில் சுற்றினார். எனக்கு அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. கெட்டவர் என்றால் படலையைப் பூட்டியிருப்பேன்.

அன்று அவர்கள் நடந்துவிட்டு வந்த பிறகு அண்ணாவுக்கு முன்னால் இருந்து சொன்னேன், இனி ஒரு சொட்டும் கூடாது, பிரண்டியும் கூடாது, பியரும் கூடாது என்று. அவர் வாயைத் திறந்து மூடினார். சொல்லைத் தேடித் தேடிப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான்... கு... குடிகாரன்... இல்லை" என்றார். "சனி. சனி... மட்டும்."

அவ்வளவு நீளமாக அவர் கதைத்தது அதுதான் முதல் தரம். சந்தோசப்படவேண்டிய நேரம். நான் எழும்பி என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாதங்கள் போயின. அண்ணா கைத்தடியோடு தனியாக நடக்கத் தொடங்கினார். கதையும் முக்கால்வாசி திரும்பியது. வேலை திரும்பவில்லை. எஞ்சின் அறையின் ஏணியில் இறங்க ஏலாதவருக்கு அங்கே இடமில்லை. ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

சல்லியில் கோயில் பொங்கலுக்குக் கூட்டாளி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணி போகவில்லை, நானும் போகவில்லை. மத்தியானம் கழிய ஓட்டோவில் வந்து இறங்கினார். படியில் ஏறும்போதே தடக்கி விழுந்தார். கிட்டப் போனதும் மணம் தெரிந்தது.

"பியர்... தானே" என்றார். "சாராயம்... இல்லை."

விழுந்த இடுப்பு கொஞ்ச நேரத்தில் நீலமாகி, பிறகு கறுத்து, துடை வரைக்கும் பரவியது. மூக்கால் இரத்தம் வடிந்தது, நிற்கவில்லை. இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுத்த குளிசை அது, குடியோடு சேர்ந்தால் இரத்தம் நிற்காது என்று கிளினிக்கில் ஒவ்வொரு தரமும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இம்முறை யாரும் தேசிக்காய் தேடவில்லை. ஓட்டோவை நான் திரும்பிப் போகவும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் வேறொரு டொக்டர், வயதானவர். தலையில் அடிபட்டதோ என்று கேட்டார், குளிசைகளின் பெயரைக் கேட்டார், பிறகு கேட்டார். "குடிக்கிறவரோ?"

நான் வாயைத் திறக்க முதல் அண்ணி முன்னுக்குப் போய் நின்றா.

"ஓம் ஐயா. குடிக்கிறவர். கிழமை முழுக்க இருந்திட்டு ஒரே நாளில எல்லாத்தையும் குடிக்கிறவர். முதல்தரம் கொண்டு வரேக்க நான் இல்லையெண்டு சொன்னனான். அது பொய். இண்டைக்குப் பியர் குடிச்சவர். எத்தினை எண்டு எனக்குத் தெரியாது. ரெண்டு நாளா பிரசர்க் குளிசையும் போடேல்லை."

சுற்றியிருந்த கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஒழுங்கைக்காரி ஒருத்தியும் அங்கே நின்றா. அண்ணி குரலைத் தாழ்த்தவில்லை. அண்ணா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தலைக்குள் கசிவு இல்லை என்று ஸ்கானில் தெரிந்தது. சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணா அண்ணியோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். கஷ்டப்பட்டுச் சேர்த்த சொற்களில் ஒன்றைக்கூட அவவுக்குக் கொடுக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார், "மானத்தை... வாங்கிப்போட்டா" என்று. ஒரு பக்கத்துக் கையும் காலும் போனதில் போகாத மானம், அண்ணி வாய் திறந்ததில் போய்விட்டதாம். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு கறி அரிந்தா. "கதைக்காட்டிப் போகட்டும், குடிக்காமல் இருந்தால் காணும்" என்றா.

பொங்கலோடு கூட்டாளி வருவதை நிறுத்தியிருந்தார். நடக்காமல் இருந்ததில் அண்ணாவின் கால் மறுபடி விறைக்கத் தொடங்கியது. கடைசியில் நானே ஒரு பின்னேரம் சல்லிக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. காகம் கலைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"நடத்த வாங்கோ அண்ணை. உங்களை விட்டால் ஆளில்லை. ஆனா போத்தலும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம்."

"வாறன்" என்றார். கருவாடொன்றைப் புரட்டிப் போட்டுவிட்டு, "அண்டைக்கு அவரே பியர் கேட்டவர் தங்கச்சி. கேக்கேக்க என்னால மாட்டனெண்டு சொல்ல ஏலாமல் போச்சு" என்றார்.

"சொல்லப் பழகுங்கோ."

"ஓம்."

"உங்கட பிரசரைப் பாத்தனீங்களோ?"

"பாக்கேல்லை."

"ஏன்?"

"பாத்தால் இருக்குமே."

நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அவர் திரும்பவும் வருகிறார். அண்ணா பொங்கலுக்குப் பிறகு குடிக்கவில்லை. கேட்பவர்களுக்கு, குளிசை தன்னைக் குடிக்க விடுகுதில்லை என்று சொல்கிறார். தான் குடியை விட்டதாகச் சொல்வதில்லை. போன மாதம் அண்ணியிடம் சம்பல் கேட்டார், அண்ணியும் ஒன்றும் நடக்காத மாதிரி வைத்தா. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யாரில் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கையில் இப்போதும் மீன் பொரிக்கிற மணம் வரும். எந்த எந்த வீடு என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் திங்கட்கிழமை நேரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

முந்தநாள் கூட்டாளி வந்தபோது படலையடியில் மறித்தேன். அவருக்குப் பிரசர் பார்க்கக் கிளினிக் நாளைச் சொன்னேன், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"அடுத்த கிழமை பாப்பம் தங்கச்சி" என்றார். உள்ளே போய் அண்ணாவின் சேர்ட் பொத்தான்களைப் பூட்டிவிட்டு, கைத்தடியை எடுத்துக் கொடுத்து, அவரைக் கூட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கினார்.